ஜாங்கோ திட்டத்துக்கு டாக்கர் சூழல் அமைப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

நூலகப் புத்தகப் பட்டியலைப் பராமரிக்க, ஜாங்கோ என்ற பைதான் வெப் கட்டமைப்பில் எழுதிய ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். புத்தகத் தலைப்புகள் தமிழில் இருக்கின்றன. விவரங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். அலமாரிவாரியான பட்டியலை பிடிஎஃப் ஆக எடுக்க வீஸிபிரின்ட் என்ற பைதான் லைப்ரரி. சின்னத் திட்டம்தான். ஆனால் இதை ஒரு புது லேப்டாப்பில் ஓட வைக்க பைதானின் சரியான பதிப்பு வேண்டும், போஸ்ட்கிரெஸ் வேண்டும், வீஸிபிரின்ட் நம்பியிருக்கும் பாங்கோ, ஹார்ஃப்பஸ் லைப்ரரிகள் வேண்டும், தமிழ் எழுத்துருவும் வேண்டும். விண்டோஸில் இவற்றை நிறுவ ஒரு வழி, உபுண்டுவில் வேறு வழி, மேக்கில் இன்னொரு வழி. குழுவில் புதிதாகச் சேர்கிறவர் முதல் வரி நிரலை எழுதுவதற்குள் அந்த வாரம் பாதி போய்விடும்.

இந்தச் சூழல் முழுவதையும் இரண்டு மூன்று ஃபைல்களில் எழுதி, நிரலோடு சேர்த்து கிட்டில் வைத்துவிடலாம். ரீபோவை கிளோன் செய்து ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாம் எழுந்து நிற்கும். அதற்குத்தான் டாக்கர். இதில் நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்று உண்டு: சூழலில் எந்த மாற்றம் செய்தாலும் அதை ஃபைலில் எழுதிச் செய்யுங்கள். கன்டெய்னருக்குள் புகுந்து கையால் நிறுவுவது எதுவும் நிலைக்காது. அடுத்தவருக்கும் அது போய்ச் சேராது.

ஓரளவு பைதான் தெரிந்து, டெர்மினலைத் திறந்து பழகி, டாக்கரை இதுவரை தொடாதவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் வாசிக்கும் ஒலியிலேயே தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இடைவெளி, கோடு, புள்ளி எல்லாம் இங்கே உள்ளபடியே இருக்கட்டும்.

இமேஜ், கன்டெய்னர், வால்யூம்

மூன்று சொற்கள் பிடிபட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். இமேஜ் என்பது முறுக்கு அச்சு மாதிரி. பைதான், லைப்ரரிகள், எழுத்துரு எல்லாம் அடங்கிய, மாற்ற முடியாத ஒரு தொகுப்பு. அந்த அச்சிலிருந்து எத்தனை கன்டெய்னர் வேண்டுமானாலும் பிழியலாம். ஓடிக்கொண்டிருப்பது கன்டெய்னர். அதை நீக்கினால் அதற்குள் எழுதியதும் சேர்ந்து போய்விடும். போகக் கூடாத தரவை, உதாரணமாக போஸ்ட்கிரெஸின் அட்டவணைகளை, கன்டெய்னருக்கு வெளியே வைக்கும் இடம்தான் வால்யூம்.

கன்டெய்னரை விர்ச்சுவல் மெஷின் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கென்று தனிக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, கிடையாது. லினக்ஸில் ஓடும் சாதாரண புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்தான் அது. நேம்ஸ்பேஸ் என்ற வசதி, அதன் கண்ணுக்கு மற்ற புராசஸ்களும் ஃபைல்களும் தெரியாமல் மறைக்கிறது. சிகுரூப் என்ற வசதி, அது எவ்வளவு மெமரியும் சிபியுவும் எடுக்கலாம் என்று வரம்பு போடுகிறது. இரண்டும் லினக்ஸில் ஏற்கெனவே இருந்தவை. 2013இல் வெளிவந்த டாக்கர், அவற்றைச் சாதாரண நிரலாளரும் கையாளும்படி எளிமையாக்கியது. விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸ் கெர்னல் இல்லாததால், அங்கே டாக்கர் திரைக்குப் பின்னால் ஒரு சிறிய லினக்ஸை ஓட வைத்துக்கொள்கிறது. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் இதுதான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்கரை நிறுவுதல்

விண்டோஸ் என்றால், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 முதலில் வேண்டும். பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து 'டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்' என்று கொடுத்தால் உபுண்டுவும் சேர்ந்து வரும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது என்று பிழை வந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் தாவலில் சிபியு பக்கத்தைப் பாருங்கள். அங்கே 'டிசேபிள்டு' என்றிருந்தால் பயாஸில் போய் இயக்க வேண்டும். அதன் பிறகு டாக்கர் டெஸ்க்டாப்பை நிறுவலாம்.

விண்டோஸ் பயன்படுத்துவோர் ஒன்றை முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும். திட்டத்தின் ஃபோல்டரை சி டிரைவில் வைக்காதீர்கள். உபுண்டு டெர்மினலைத் திறந்து, அதன் ஹோம் ஃபோல்டருக்குள் கிளோன் செய்யுங்கள். சி டிரைவில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் லினக்ஸ் பக்கத்திலிருந்து படிக்கும்போது இரண்டு இயங்குதளங்களுக்கு நடுவே மொழிபெயர்ப்பு நடக்கிறது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் உள்ள திட்டத்தில் அது கண்கூடாகத் தெரியும் அளவுக்கு இழுக்கும். 'டாக்கர் ரொம்ப ஸ்லோ' என்று விண்டோஸ்காரர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் டபிள்யூஎஸ்எல் தானாகவே பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும். உலாவியும் எடிட்டரும் திணறினால், விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டரில் '.டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்' என்ற ஃபைலில் மெமரி 3 ஜிபி என்று வரம்பு போடலாம். இந்த அளவுத் திட்டத்துக்கு அது போதும்.

உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்களுக்கு டெஸ்க்டாப் செயலி தேவையே இல்லை. டாக்கர் நிறுவனத்தின் ஏபிடி ரெப்பாசிட்டரியைச் சேர்த்து டாக்கர் எஞ்சினையும், பல கன்டெய்னர்களைச் சேர்த்து எழுப்பும் கம்போஸ் பிளகினையும் நிறுவினால் முடிந்தது. ஒவ்வொரு முறையும் சூடோ போடாமலிருக்க உங்கள் பயனரை 'டாக்கர்' குழுவில் சேர்க்கலாம். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவருக்கு அந்தக் கணினியில் ரூட் அதிகாரம் இருப்பதாகவே பொருள். சொந்த லேப்டாப்பில் பரவாயில்லை, பலர் பகிரும் சர்வரில் யோசித்துச் செய்யுங்கள்.

மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப்பை நிறுவினால் போதும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் என்றால் ஏஆர்எம் இமேஜ்கள் இறங்கும். நாம் இங்கே பயன்படுத்தும் பைதான், போஸ்ட்கிரெஸ் இரண்டுக்கும் அவை உண்டு.

டாக்கர் டெஸ்க்டாப் மாணவர்களுக்கும், தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், சிறு நிறுவனங்களுக்கும் இலவசம். 250க்கு மேல் ஊழியர்களோ, ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் வருமானமோ உள்ள நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும். அலுவலகக் கணினியில் நிறுவும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. லினக்ஸில் ஓடும் டாக்கர் எஞ்சினுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

'டாக்கர் ரன் ஹலோ-வேர்ல்ட்' என்று கொடுத்துப் பாருங்கள். வாழ்த்துச் செய்தி வந்தால் அடுத்ததற்குப் போகலாம். இனி இறங்கப்போவது சில நூறு எம்பி. மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் வைஃபை கிடைக்கும் இடத்தில் முதல்முறை செய்துவிடுங்கள். ஒருமுறை இறங்கியது உங்கள் கணினியிலேயே இருக்கும்.

டாக்கர்ஃபைல்: வரி வரியாக

திட்டத்தின் மேல் ஃபோல்டரில், 'மேனேஜ்.பிஒய்' இருக்கும் இடத்திலேயே, 'டாக்கர்ஃபைல்' என்ற பெயரில் ஒரு ஃபைல் உருவாக்குங்கள். முதலெழுத்து பெரிய எழுத்து, பெயருக்குப் பின்னால் '.டிஎக்ஸ்டி' போன்ற வால் எதுவும் கிடையாது. இமேஜை எப்படிக் கட்ட வேண்டும் என்ற செய்முறை இதில்தான் இருக்கிறது.

முதல் வரி 'ஃப்ரம் பைதான்:3.12-ஸ்லிம்-புக்வோர்ம்'. புக்வோர்ம் என்பது டெபியன் 12இன் பெயர். வெறும் 'பைதான்:லேட்டஸ்ட்' என்று எழுதினாலும் ஓடத்தான் செய்யும். ஆனால் இன்று கட்டுபவருக்கு ஒரு பைதான், ஆறு மாதம் கழித்துக் கட்டுபவருக்கு வேறொரு பைதான் என்றாகிவிடும். அப்படியானால் இவ்வளவு செய்து பயனில்லை. பதிப்பை எப்போதும் முழுமையாகக் குறிப்பிடுங்கள். இன்னொன்று: ஆல்பைன் இமேஜ் சின்னது என்று பலர் பரிந்துரைப்பார்கள். பைதானுக்குப் புதியவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரி. சில பைதான் தொகுப்புகளை அங்கே மூலத்திலிருந்து கம்பைல் செய்ய வேண்டி வரும். மிச்சம் பிடித்த சில எம்பிக்கு அந்த அலைச்சல் தகாது.

அடுத்தது 'என்வ் பைதான்அன்பஃபர்டு=1'. இது இல்லாவிட்டால் பிரின்ட் செய்ததெல்லாம் பஃபரில் தங்கி, லாகில் தாமதமாக வரும். நிரல் செத்துப்போனதா, யோசிக்கிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது 'ரன்' வரி. இந்தத் திட்டத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது இது. ஸ்லிம் இமேஜில் பைதான் ஓடுவதற்கு வேண்டியவை மட்டுமே இருக்கும். வீஸிபிரின்டுக்கு வேண்டிய பாங்கோ, பாங்கோஎஃப்டி2, ஹார்ஃப்பஸ் சப்செட் ஆகிய லைப்ரரிகளை 'ஏபிடி-கெட் இன்ஸ்டால்' மூலம் நாமே சேர்க்க வேண்டும். அவை இல்லாவிட்டால் நிரல் எரர் காட்டி நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். எழுத்துரு இல்லாவிட்டால்தான் கஷ்டம். எரர் எதுவும் வராது. பிடிஎஃப் உருவாகும், பக்கங்கள் இருக்கும், எண்கள் இருக்கும், புத்தகத் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாக வெற்றுக் கட்டங்கள். உங்கள் லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் டாக்கர் இல்லாமல் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. எனவே அதே வரியில் 'ஃபான்ட்ஸ்-லோகித்-டிஏஎம்எல்' என்ற டெபியன் தொகுப்பையும், 'ஃபான்ட்கான்ஃபிக்'கையும் சேருங்கள். இமேஜ் கட்டிய பின் கன்டெய்னருக்குள் 'எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ' என்று கேட்டால் தமிழ் எழுத்துருக்களின் பட்டியல் வர வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் பிடிஎஃபிலும் தமிழ் வராது.

ஹார்ஃப்பஸ் எதற்கு என்று தோன்றலாம். 'கொ' என்ற எழுத்து கணினியில் ககரமும் அதன் பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. அதைக் கொம்பு முன்னும் கால் பின்னுமாக வரைவதற்கான வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். தமிழை அச்சிடும் எந்தத் திட்டத்துக்கும் எழுத்துருவோடு இதுவும் கட்டாயம்.

இந்த ரன் வரியை எழுதும் விதத்தில் ஒரு நுணுக்கம். 'ஏபிடி-கெட் அப்டேட்'டையும் 'இன்ஸ்டால்'ஐயும் ஒரே ரன்னில், நடுவில் இரண்டு ஆம்பர்சண்ட் போட்டு எழுதுங்கள். தனித்தனி ரன்னாக எழுதினால், அப்டேட் செய்த பழைய பட்டியலை டாக்கர் கேஷிலிருந்து, அதாவது முன்பு கட்டியதைச் சேமித்து வைத்திருக்கும் இடத்திலிருந்து, எடுத்துக்கொள்ளும். பல மாதம் கழித்து இன்ஸ்டால் வரியை மட்டும் மாற்றும்போது, அந்தப் பதிப்பு இப்போது சர்வரில் இல்லை என்று 404 வரும்.

கேஷ் பற்றிய இந்த விஷயம் அடுத்த மூன்று வரிகளையும் தீர்மானிக்கிறது. டாக்கர்ஃபைலின் ஒவ்வொரு வரியும் ஓர் அடுக்கு. ஒரு வரியின் உள்ளீடு மாறினால் அந்த அடுக்கும் அதற்குக் கீழே உள்ள எல்லா அடுக்குகளும் மறுபடி கட்டப்படும். ஆகவே அரிதாக மாறுவது மேலே, அடிக்கடி மாறுவது கீழே. 'வொர்க்டிர் /ஆப்' என்று வேலை ஃபோல்டரைச் சொன்ன பின், முதலில் 'ரிக்வைர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி'யை மட்டும் காப்பி செய்யுங்கள். பிறகு 'ரன் பிப் இன்ஸ்டால் --நோ-கேஷ்-டிர் -ஆர் ரிக்வைர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி'. அதற்குப் பிறகே 'காப்பி . .' என்று மொத்த நிரலையும் காப்பி செய்யுங்கள். முழு நிரலையும் முதலிலேயே காப்பி செய்தால், ஒரு டெம்ப்ளேட்டில் காற்புள்ளியை மாற்றினாலும் அடுத்த முறை கட்டும்போது ஜாங்கோவிலிருந்து எல்லாம் மறுபடி இறங்கும்.

கடைசியாக இரண்டு வேலைகள். பயனர் எண் 1000 உடன் ஒரு சாதாரண பயனரை உருவாக்கி 'யூஸர்' வரியில் அவருக்கு மாறுங்கள். இதைச் செய்யாவிட்டால் கன்டெய்னர் ரூட்டாக ஓடும். லினக்ஸ் லேப்டாப்பில், கன்டெய்னர் உருவாக்கும் மைக்ரேஷன் ஃபைல்கள் (தரவுத்தள அட்டவணை மாற்றங்களை ஜாங்கோ எழுதிவைப்பவை) எல்லாம் ரூட்டின் பெயரில் வந்து, உங்கள் எடிட்டரில் சேமிக்க முடியாமல் போகும். உபுண்டுவில் முதல் பயனரின் எண் வழக்கமாக 1000. 'ஐடி -யூ' என்று கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். பிறகு 'சிஎம்டி' வரியில் 'பைதான் மேனேஜ்.பிஒய் ரன்சர்வர் 0.0.0.0:8000'. அந்த நான்கு பூஜ்யங்கள் முக்கியம். ஜாங்கோ இயல்பாக 127.0.0.1இல் மட்டும் கேட்கும். கன்டெய்னருக்குள் அந்த முகவரி கன்டெய்னரையே குறிக்கும். லாகில் சர்வர் ஓடுவதாகத் தெரியும், உலாவியில் பக்கம் வராது.

பக்கத்தில் '.டாக்கர்இக்னோர்' என்றொரு ஃபைல் வைத்து அதில் .கிட், வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டர், .என்வ், பைகேஷ் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். முக்கியமாக .என்வ். கடவுச்சொல் இமேஜுக்குள் போய்விட்டால், அந்த இமேஜ் கையில் கிடைக்கும் எவரும் அதை எடுத்துவிடலாம்.

கம்போஸ் ஃபைல்

ஒரு கன்டெய்னரை ஓட்ட டாக்கர்ஃபைல் போதும். நமக்கு ஜாங்கோ ஒன்று, போஸ்ட்கிரெஸ் ஒன்று என்று இரண்டு வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுப்புவது 'கம்போஸ்.யாமல்'. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் முதல் வரியில் 'வெர்ஷன்' என்றிருக்கும். இப்போது அது தேவையில்லை. அதேபோல டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவில் கோடு போட்ட பழைய கட்டளைக்கு 2023 ஜூலையோடு ஆதரவு நின்றுவிட்டது. இடைவெளி விட்டு 'டாக்கர் கம்போஸ்' என்றே அடியுங்கள்.

'சர்வீசஸ்' என்பதன் கீழே இரண்டு பெயர்கள்: வெப், டிபி. யாமலில் உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டுமே, டேப் கூடாது.

டிபி சர்வீஸுக்கு இமேஜ் 'போஸ்ட்கிரெஸ்:16-புக்வோர்ம்'. என்விரான்மென்டில் போஸ்ட்கிரெஸ்_யூஸர், போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்டு, போஸ்ட்கிரெஸ்_டிபி என்ற மூன்றும், எல்லாம் பெரிய எழுத்தில். மதிப்புகளை நேரடியாக எழுதாமல் .என்வ் ஃபைலிலிருந்து எடுங்கள். அந்த ஃபைலை கிட்டில் சேர்க்காமல், போலி மதிப்புகளோடு '.என்வ்.எக்ஸாம்பிள்' என்று ஒன்றை மட்டும் சேருங்கள். வால்யூமில் 'பிஜிடேட்டா' என்று ஒரு பெயர் வைத்து அதை '/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/டேட்டா'வில் பொருத்துங்கள். பின்னாளில் 18ஆம் பதிப்புக்குப் போனால் கடைசி 'டேட்டா' இல்லாமல் அதற்கு மேல் ஃபோல்டரில் பொருத்த வேண்டும். அந்த இமேஜில் பாதை மாறியிருக்கிறது.

வெப் சர்வீஸுக்கு இமேஜ் வேண்டாம், 'பில்ட்: .' போதும். வால்யூமில் '.:/ஆப்' என்று எழுதினால் உங்கள் திட்ட ஃபோல்டர் அப்படியே கன்டெய்னருக்குள் /ஆப் ஆகத் தெரியும். நீங்கள் எடிட்டரில் சேமித்த மறுகணம் ஜாங்கோ அதைக் கண்டு மறுபடி எழும். போர்ட்டில் '127.0.0.1:8000:8000'. இடதுபக்க எண் லேப்டாப்பினுடையது, வலதுபக்க எண் கன்டெய்னரினுடையது. முன்னால் 127.0.0.1 போடாமல் விட்டால் அதே வைஃபையில் இருக்கும் எவரும் உங்கள் சர்வரைத் திறக்கலாம். லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருந்தாலும் அது தடுக்காது. டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் நெட்வொர்க் விதிப் பட்டியலில் நேரடியாக எழுதுகிறது.

இப்போது, புதியவர்களை மிக அதிகமாக அலைக்கழிக்கும் இடம். ஜாங்கோவின் செட்டிங்ஸில் தரவுத்தள ஹோஸ்ட் என்ன? விரல் தானாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அடிக்கும். வெப் கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த வெப் கன்டெய்னர்தான். அங்கே போஸ்ட்கிரெஸ் இல்லை, 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வரும். கம்போஸ் தன் சர்வீஸ்களை ஒரே நெட்வொர்க்கில் போட்டு, சர்வீஸின் பெயரையே முகவரியாகவும் ஆக்கித் தருகிறது. எனவே ஹோஸ்ட் 'டிபி', போர்ட் 5432.

தரவுத்தளம் தயாராகும் முன் ஜாங்கோ எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. வெறும் 'டிபெண்ட்ஸ்_ஆன்' போட்டால் டிபி கன்டெய்னர் தொடங்கியதா என்று மட்டும்தான் கம்போஸ் பார்க்கும், கேள்விக்குப் பதில் சொல்லத் தயாரா என்று பார்க்காது. டிபி சர்வீஸில் ஒரு 'ஹெல்த்செக்' எழுதி, வெப்பின் டிபெண்ட்ஸ்_ஆன்இல் 'கண்டிஷன்: சர்வீஸ்_ஹெல்தி' என்று சேருங்கள். ஹெல்த்செக்குக்கான கட்டளை 'பிஜி_இஸ்ரெடி'. பெரும்பாலான குறிப்புகள் இத்துடன் நிறுத்திவிடுகின்றன. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது.

முதல்முறை எழும்போது லாகைக் கவனியுங்கள். 'டேட்டாபேஸ் சிஸ்டம் இஸ் ரெடி டு அக்செப்ட் கனெக்ஷன்ஸ்' என்ற வரி இரண்டு முறை வரும். காலியான வால்யூமைக் கண்டால் போஸ்ட்கிரெஸ் இமேஜ் முதலில் ஒரு தற்காலிக சர்வரை எழுப்பி, பயனரையும் தரவுத்தளத்தையும் உருவாக்கி, அதை நிறுத்திவிட்டு, உண்மையான சர்வரை எழுப்புகிறது. அந்தத் தற்காலிக சர்வர் கன்டெய்னருக்குள் யூனிக்ஸ் சாக்கெட்டில் (ஒரே கணினிக்குள் புராசஸ்கள் பேசிக்கொள்ளும் வழி) மட்டும் பேசும், நெட்வொர்க்கில் பேசாது. வெறும் பிஜி_இஸ்ரெடி சாக்கெட்டைத் தட்டிப் பார்த்து 'தயார்' என்று சொல்லிவிடும். அதை நம்பி ஜாங்கோ எழுந்து வர, அதற்குள் சர்வர் நிறுத்தப்பட்டிருக்கும். அதனால் 'பிஜி_இஸ்ரெடி -எச் 127.0.0.1' என்று எழுதுங்கள். நெட்வொர்க் வழியாகக் கேட்டால் உண்மையான சர்வர் மட்டுமே பதில் சொல்லும். முதல் நாள் மட்டும் தோன்றி, மறுமுறை ஓட்டினால் காணாமல் போகும் எரர்களில் பல இங்கிருந்து வருபவை.

எழுப்பிப் பார்ப்போம்

'டாக்கர் கம்போஸ் அப் --பில்ட்' என்று கொடுங்கள். முதல்முறை நேரமெடுக்கும். முடிந்ததும் இன்னொரு டெர்மினலில் 'டாக்கர் கம்போஸ் எக்ஸெக் வெப் பைதான் மேனேஜ்.பிஒய் மைக்ரேட்'. அட்டவணைகள் உருவாகும். அதே போல 'கிரியேட்சூப்பர்யூஸர்' ஓட்டி நிர்வாகியை உருவாக்கிவிட்டு, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:8000 திறந்தால் செயலி நிற்கும்.

இரண்டு புத்தகம் சேர்த்து, பிடிஎஃப் எடுத்துப் பார்த்துவிடுங்கள். 'கொடிமுல்லை' என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, கொம்பும் காலும் சரியான இடத்தில் வருகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

தமிழ்த் தலைப்புகளை அகர வரிசையில் அடுக்குவதற்கு இன்னும் ஒரு வேலை உண்டு. யூனிகோட் எண் வரிசையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது. புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் 'பகல்' முன்னும் 'பக்கம்' பின்னுமாக அடுக்கும். நம் அகராதியில் பக்கம்தான் முன்னால். போஸ்ட்கிரெஸில் ஐசியு கொலேஷன்கள், அதாவது மொழிவாரியான வரிசை விதிகள், இருக்கின்றன. ஜாங்கோ மாடலில் தலைப்புப் புலத்துக்கு 'டிபி_கொலேஷன்' என்ற அளவுருவில் 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்று கொடுத்தால் தமிழ் அகராதி வரிசை கிடைக்கும். போஸ்ட்கிரெஸ் இமேஜுக்கும் புக்வோர்ம் என்று குறிப்பிட்டதன் காரணம் இதுதான். அடியிலிருக்கும் டெபியன் மாறினால் அதன் வரிசைப்படுத்தும் லைப்ரரிகளும் மாறலாம். அப்போது பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

கன்டெய்னரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். லாகில் தெரியும் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருந்தால் குழம்ப வேண்டாம். ஜாங்கோவின் 'டைம்_ஜோன்'ஐ ஏசியா/கொல்கத்தா அல்லது ஏசியா/கொழும்பு என்று வைத்தால் பயனர் பார்க்கும் நேரம் சரியாகிவிடும். தரவுத்தளத்தில் யூடிசியாகவே இருக்கட்டும்.

அன்றாட வேலையில்

காலையில் 'டாக்கர் கம்போஸ் அப் -டி', மாலையில் 'டாக்கர் கம்போஸ் ஸ்டாப்'. லாக் பார்க்க 'டாக்கர் கம்போஸ் லாக்ஸ் -எஃப் வெப்'. உள்ளே போய்ப் பார்க்க 'டாக்கர் கம்போஸ் எக்ஸெக் வெப் பாஷ்'.

'டவுன்' கொடுத்தால் கன்டெய்னர்கள் நீங்கும், வால்யூம் இருக்கும், தரவு பத்திரம். 'டவுன் -வி' கொடுத்தால் வால்யூமும் போய்விடும். அந்த ஒரு எழுத்து உங்கள் மொத்தத் தரவுத்தளத்தையும் கேட்காமல் அழித்துவிடும். பழக்கத்தில் விரல் ஓடும் கட்டளையாக அதை ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

புதிய பைதான் தொகுப்பு ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போய் 'பிப் இன்ஸ்டால்' அடித்தால் வேலை செய்யும். கன்டெய்னரை நீக்கி மறுபடி உருவாக்கும் வரை. அதற்குள் நீங்கள் அதை மறந்திருப்பீர்கள், குழுவில் மற்றவர்களுக்கோ அது தெரியவே தெரியாது. ரிக்வைர்மென்ட்ஸ் ஃபைலில் பதிப்பெண்ணோடு ஒரு வரி சேருங்கள், 'அப் --பில்ட்' கொடுங்கள், கமிட் செய்யுங்கள். ஏபிடி தொகுப்புக்கும் இதேதான்.

சிக்கல் வந்தால்

'போர்ட் இஸ் ஆல்ரெடி அலொகேட்டடு' என்று வந்தால் அந்தப் போர்ட்டை வேறு ஏதோ பிடித்திருக்கிறது. இடதுபக்க எண்ணை 8001 என்று மாற்றினால் போதும், வலதுபக்கத்தைத் தொடாதீர்கள்.

.என்வ் ஃபைலில் கடவுச்சொல்லை மாற்றிய பின் 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்று வரும். பலர் இங்கே மணிக்கணக்கில் தேடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் இமேஜ் அந்த மூன்று மதிப்புகளையும் வால்யூம் காலியாக இருக்கும்போது மட்டுமே படிக்கும். ஏற்கெனவே தரவு இருந்தால் பழைய கடவுச்சொல்லே நீடிக்கும். உள்ளே போய் 'ஆல்டர் யூஸர்' மூலம் மாற்றுங்கள். இழக்கக் கூடிய சோதனைத் தரவுதான் என்றால் மட்டும் வால்யூமை நீக்கிப் புதிதாகத் தொடங்கலாம்.

கண்ணெதிரே இருக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்டைக் காணோம் என்று, 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று எரர் வந்தால், அந்த ஃபைல் விண்டோஸில் சேமிக்கப்பட்டு வரி முடிவில் சிஆர் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்கும். எடிட்டரின் கீழ்ப்பட்டையில் 'சிஆர்எல்எஃப்' என்பதை 'எல்எஃப்' ஆக்குங்கள். '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' ஃபைலில் ஷெல் ஸ்கிரிப்ட்டுகளுக்கு எல்எஃப் என்று எழுதிவிட்டால் மறுபடி வராது.

கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு நின்றால் அது கட்டாயமாகக் கொல்லப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் மெமரி போதாமல். டிஸ்க் நிறைந்துவிட்டால் 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' பார்த்து, 'டாக்கர் பில்டர் ப்ரூன்' மூலம் பழைய பில்ட் கேஷை நீக்குங்கள்.

எடிட்டரையும் உள்ளே கொண்டுபோவது

இதுவரை செய்ததில் ஒரு குறை மிச்சமிருக்கும். நிரல் கன்டெய்னரில் ஓடுகிறது, விஎஸ் கோட் வெளியே இருக்கிறது. வெளியே ஜாங்கோ நிறுவப்படாததால் இம்போர்ட் வரிகளிலெல்லாம் எடிட்டர் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். டெவ் கன்டெய்னர்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனை நிறுவுங்கள். '.டெவ்கன்டெய்னர்' ஃபோல்டரில் 'டெவ்கன்டெய்னர்.ஜேசன்' ஃபைலில் மூன்று விவரம் போதும்: கம்போஸ் ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த சர்வீஸுக்குள் நுழைய வேண்டும், வேலை ஃபோல்டர் எது. நமக்கு வெப், /ஆப். குழுவுக்கு வேண்டிய எக்ஸ்டென்ஷன்களையும் அதே ஃபைலில் பட்டியலிடலாம். பிறகு கட்டளைப் பெட்டியில் 'ரீஓப்பன் இன் கன்டெய்னர்'. எடிட்டரின் டெர்மினல், டீபக்கர், தானியங்கு நிரப்பல் எல்லாம் கன்டெய்னரின் பைதானையே பயன்படுத்தும்.

ரீபோவில் சேர்க்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இப்போது ஓடுவதை 'டவுன்' கொடுத்து நிறுத்திவிட்டு, வேறு பெயருள்ள ஒரு ஃபோல்டரில் ரீபோவைப் புதிதாக கிளோன் செய்யுங்கள். கம்போஸ் ஃபோல்டரின் பெயரை வைத்தே வால்யூமுக்குப் பெயரிடுவதால், இது காலியான தரவுத்தளத்தோடு தொடங்கும். உங்கள் பழைய தரவுக்கு ஒன்றும் ஆகாது. .என்வ்.எக்ஸாம்பிளை .என்வ் என்று காப்பி செய்து, 'அப் --பில்ட்', பிறகு மைக்ரேட், பிறகு ஒரு பிடிஎஃப். இடையில் நினைவிலிருந்து ஏதாவது செய்ய வேண்டி வந்தால், அது எந்த ஃபைலிலோ எழுதாமல் விடுபட்டிருக்கிறது. அதை எழுதிய பிறகு கமிட் செய்யுங்கள்.